பச்சை விளக்கும் வினாத்தாளும்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் படிக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். "சாஃப்ட்வேர் பற்றி டீச்சருக்கு என்ன தெரியும்?" என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வரலாம். எனக்குக் கோடு எழுதத் தெரியாது. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் வினாத்தாள் தயாரித்திருக்கிறேன், விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். இன்றைய விஷயம் அதோடு நெருங்கிய சம்பந்தம் உள்ளது.

என்னிடம் படித்தவர்களில் சிறுசேரியிலும் கோவையிலும் பெங்களூருவிலும் டெஸ்டராக வேலை பார்ப்பவர்கள் கணிசமாக இருக்கிறீர்கள். பலர் பொறியியல் படித்தவர்கள் இல்லை. பி.எஸ்சி., பி.சி.ஏ., இரண்டொருவர் பி.காம். தமிழ் வழியில் படித்து, வீட்டிலேயே முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள். ஐ.டி. கம்பெனிக்குள் உங்களை அழைத்துப் போன வாசல் டெஸ்டிங்தான். அந்த வாசல் இப்போது குறுகி வருகிறது என்று இந்த ஆண்டு மூன்று பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் வெவ்வேறு கம்பெனி. சொன்னது ஏறக்குறைய ஒன்றேதான். "எல்லாம் பைப்லைன்ல ஓடுது டீச்சர். பச்சை வந்தா ரிலீஸ். அப்புறம் டெஸ்டிங் டீம் எதுக்குன்னு கேக்குறாங்க." ஒரு பெண்ணின் குழுவில் ஆறு பேர் இருந்தார்கள். இப்போது அவளோடு சேர்த்து இரண்டு பேர். அவள் பெயரையோ கம்பெனி பெயரையோ இங்கே போட மாட்டேன், யாரும் கீழே கேட்கவும் வேண்டாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பைப்லைன், அதாவது சி.ஐ. என்று சுருக்கிச் சொல்லும் கன்டினியூவஸ் இன்டக்ரேஷன், நல்ல ஏற்பாடு. அது விடைத்தாளை அசராமல் திருத்தும் இயந்திரம். ஆனால் வினாத்தாளை அது தயாரிப்பதில்லை. திருத்த இயந்திரம் வந்துவிட்டது என்பதற்காக வினாத்தாள் தயாரிக்கிறவரை வீட்டுக்கு அனுப்புவது விவேகமான காரியம் இல்லை.

சி.ஐ. என்றால் என்னவென்று தெரியாத பெரியவர்களுக்காக ஒரு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். பள்ளி ஆண்டுவிழா நினைவிருக்கிறதா? ஒவ்வொரு வகுப்பும் தனித்தனியாக ஒரு மாதம் ஒத்திகை பார்க்கும். விழா அன்று மாலை மேடையில் ஏற்றினால்தான் தெரியும், மூன்று வகுப்பு ஒரே பாட்டுக்கு ஆடுகிறது, நாடகத்துக்கு மைக் போதவில்லை என்று. பழைய நாளில் சாஃப்ட்வேரும் அப்படித்தான் செய்தார்கள். பத்து பேர் மாதக்கணக்கில் தனித்தனியாக எழுதி, கடைசியில் ஒன்றாகச் சேர்க்கும்போது எல்லாம் முட்டிக்கொள்ளும். அதற்கு மருந்தாக வந்ததுதான் தினமும் சேர்ப்பது. ஒவ்வொருவரும் எழுதியதை அன்றன்றே பொதுக் கோடில் சேர்க்க வேண்டும். சேர்த்தவுடன் ஒரு இயந்திரம் முழுவதையும் கட்டிப் பார்த்து, முன்பே எழுதிவைத்த ஆயிரக்கணக்கான டெஸ்டுகளை ஓட்டும். எல்லாம் தேறினால் பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு. 1991இல் கிரேடி பூச் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். தொண்ணூறுகளின் பின்பகுதியில் கென்ட் பெக் தன்னுடைய எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையில் இதை அன்றாட ஒழுங்காகவே ஆக்கினார். உங்களில் பலர் பயன்படுத்தும் ஜென்கின்ஸ், கோசுகே கவாகுச்சி என்ற ஜப்பானியப் பொறியாளர் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தபோது ஹட்சன் என்ற பெயரில் எழுதியது. 2011இல் பெயர் மாறியது. அதன் சின்னம் கோட்டு போட்ட ஒரு பட்லர். பொருத்தமான சின்னம்தான். பட்லர் சொன்ன வேலையைப் பிசகாமல் செய்வார். சொல்லாததைக் கேட்க மாட்டார்.

சரி, சொல்லாததைக் கேட்காவிட்டால் என்ன ஆகும்? 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரம் காலை 9.39. அன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள், அந்தப் படம் எல்லார் போனுக்கும் வந்தது. அமெரிக்காவில் டெல்டா என்ற ஒரே விமானக் கம்பெனி மட்டும் சில நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. மைக்ரோசாஃப்ட் போட்ட கணக்கில் பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் 85 லட்சம். காரணம் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய ஒரு சிறிய ஃபைல். 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த கம்ப்யூட்டரில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக ஆள் உட்கார்ந்துதான் எழுப்ப வேண்டியிருந்தது.

அந்தக் கம்பெனியே பிறகு விரிவான அறிக்கை வெளியிட்டது. என் மாணவன் ஒருவன் எனக்குப் பொறுமையாக விளக்கினான். புரிந்தபோது, இது நம்ம தேர்வு அறைக் கதையாயிற்றே என்று தோன்றியது. எனக்குப் புரிந்த விதத்திலேயே சொல்கிறேன்.

அந்த சாஃப்ட்வேரில் ஒரு புதிய வகை விதி சேர்த்தார்கள். விதிக்கான படிவத்தில் 21 கட்டங்கள். ஆனால் அந்தப் படிவத்துக்கு மதிப்புகளை எடுத்துக் கொடுக்கும் கோடு, 20 மதிப்புகளைத்தான் கொடுத்தது. வினாத்தாளில் 21 கேள்வி, விடைத்தாளில் 20 விடைக்குத்தான் இடம். இது உடனே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? தெரியவில்லை. ஏனென்றால் சோதனைகளில் 21ஆவது கட்டத்தில் "எதுவாக இருந்தாலும் சரி" என்று போட்டிருந்தார்கள். பொதுத்தேர்வில் ஒரு கேள்வி தப்பாக அச்சாகிவிட்டால், அந்தக் கேள்வி எண்ணை எழுதி முயன்றிருந்தாலே முழு மதிப்பெண் என்று அறிவிப்பார்களே, அந்த மாதிரி. எதுவாக இருந்தாலும் சரி என்றால் அந்தக் கட்டத்தை யாரும் பார்க்கவே போவதில்லை. மார்ச் மாதம் சோதித்தார்கள், தேறியது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் வெளியே போன விதிகளிலும் 21ஆவது கட்டம் அப்படியேதான் இருந்தது, அவையும் தேறின. ஜூலை 19 அன்று வந்த விதிதான் முதன்முறையாக 21ஆவது கட்டத்தில் ஒரு குறிப்பிட்ட மதிப்பைக் கேட்டது. புரோகிராம் அங்கே போய்ப் பார்த்தது. ஒன்றும் இல்லை. தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தில் கையை விட்டது. விண்டோஸின் அடிவயிற்றில் ஓடுகிற புரோகிராம் ஆதலால், கம்ப்யூட்டரே விழுந்தது.

இன்னும் ஒரு சங்கதி இருக்கிறது. விதி ஃபைல் வெளியே போகும் முன் அதைச் சரிபார்க்கத் தனியாக ஒரு புரோகிராம் இருந்தது. அதுவும் 21 மதிப்பு வரும் என்றே நம்பியிருந்தது. ஆகவே அதுவும் பாஸ் போட்டது. மார்ச் சோதனை தேறியது, சரிபார்க்கும் புரோகிராம் மேல் நம்பிக்கை இருந்தது, முன்பு அனுப்பியவை ஓடின, ஆகவே அனுப்பினோம் என்ற பொருளில்தான் கம்பெனியின் முதல் விளக்கமே இருந்தது. அதுவும் கொஞ்சம் பேருக்கு முதலில் அனுப்பிப் பார்க்காமல், எல்லாருக்கும் ஒரே நேரத்தில். இப்போது படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறியிருக்கிறார்கள்.

இதை சி.ஐ.யின் கோளாறு என்று நான் சொல்லவில்லை. ஒரு டெஸ்டர் இருந்திருந்தால் கட்டாயம் பிடித்திருப்பார் என்றும் சத்தியம் செய்ய மாட்டேன். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அங்கே பச்சை பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான விடை வந்தது. "21ஆவதில் நிஜமான ஒரு மதிப்பைப் போட்டால் என்ன ஆகும்?" என்ற கேள்விதான் கேட்கப்படவில்லை. அந்தக் கேள்வியை எந்தப் பைப்லைனும் தானாகக் கேட்காது. சந்தேகப்படுவதையே வேலையாக வைத்திருக்கும் ஒரு மனிதருக்குத்தான் அது தோன்றும்.

டொரன்டோவில் மைக்கேல் போல்ட்டன் என்று ஒரு டெஸ்டிங் ஆசிரியர் இருக்கிறார். பாட்டுப் பாடும் மைக்கேல் போல்ட்டன் இல்லை, இவர் வேறு. சரிபார்ப்பது வேறு, சோதிப்பது வேறு என்று 2009இலேயே பிரித்து எழுதியவர் அவர். முன்பே தெரிந்த விடை வருகிறதா என்று பார்ப்பது சரிபார்ப்பு. அதை இயந்திரம் செய்யலாம், செய்யட்டும். இன்னும் என்னவெல்லாம் தவறாகப் போகலாம் என்று தேடிப் போவது சோதனை. பல கம்பெனிகளில் முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவதும் கூடவே வந்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

மேலே சொன்ன பெண், குழுவில் மிஞ்சிய இருவரில் ஒருத்தி, சொன்ன ஒரு சம்பவம். அவர்கள் கம்பெனி ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விண்ணப்பப் படிவம் ஒன்று செய்துகொடுக்கிறது. மாதக்கணக்கில் பச்சை. ஒருநாள் அவள் சும்மா தன் அப்பா பெயரைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். நம்ம ஊரில் கடைசிப் பெயர் ஏது? இனிஷியல்தானே. கடைசிப் பெயர் என்ற இடத்தில் ஒரே ஒரு எழுத்தைப் போட்டிருக்கிறாள். படிவம் ஏற்க மறுத்துவிட்டது, குறைந்தது இரண்டு எழுத்து வேண்டுமாம். இது பரவாயில்லை. அடுத்த பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தால், அதுவரை நிரப்பிய எல்லாமே அழிந்துபோயிருக்கிறது. அந்தப் படிவத்துக்கு நானூற்றுச் சொச்சம் ஆட்டோமேட்டட் டெஸ்ட் இருந்ததாம். எல்லாவற்றிலும் போட்ட பெயர்கள் அமெரிக்கப் பெயர்கள், நீளமான கடைசிப் பெயரோடு. பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து விமான டிக்கெட் வரை இனிஷியலோடு மல்லுக்கட்டாத தமிழர் உண்டா? அந்த அனுபவம் அவளுக்கு இருந்தது, இயந்திரத்துக்கு இல்லை. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஆன நேரம் பத்து நிமிடம். "அந்தப் பத்து நிமிஷம்தான் டீச்சர் இப்பல்லாம் கிடைக்கிறதில்ல" என்றாள்.

ஏன் கிடைப்பதில்லை? இதற்குத்தான் ஃபிளேக்கி டெஸ்ட் பற்றிப் பேச வேண்டும். கோடில் எந்த மாற்றமும் இல்லாமலே ஒரு முறை தேறி, மறுமுறை தவறும் டெஸ்டுக்கு அந்தப் பெயர். நெட்வொர்க் மெதுவானால், இரண்டு டெஸ்ட் ஒரே தகவலைத் தொட்டால், கடிகாரம் நள்ளிரவைத் தாண்டினால், இப்படி ஆயிரம் காரணம். இது சின்னக் கம்பெனிகளின் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். கூகுள் பொறியாளர் ஜான் மிக்கோ 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே உள்ள டெஸ்டுகளில் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இந்த நோய் ஓரளவு இருந்தது. தேறிக்கொண்டிருந்த டெஸ்ட் திடீரென்று தவறும் சந்தர்ப்பங்களில் 84 சதவீதம் இந்த ஃபிளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டவை. அதாவது, சிவப்பு எரிந்தால் பெரும்பாலும் புலி இல்லை.

புலி வருது கதையை இரண்டாம் வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அதேதான் நடக்கிறது. காலையில் வந்ததும் ராத்திரி எரிந்த சிவப்புகளைப் பார்ப்பது, ரீ-ரன் அழுத்துவது, பச்சை வந்தால் அடுத்தது. சில இடங்களில் மூன்று தடவை தானாகவே திரும்ப ஓட்டி, ஒரு தடவை தேறினாலும் பாஸ் என்று வைத்துவிட்டார்களாம். எந்தப் பள்ளியிலாவது ஒரே நாளில் மூன்று முறை தேர்வு வைத்து, அதிகமான மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்களா? இதில் உள்ள ஆபத்து நேர விரயம் மட்டும் அல்ல. சில நிஜமான தவறுகளே ஐந்து முறைக்கு ஒரு முறைதான் தலைகாட்டும். இரண்டு பேர் ஒரே நொடியில் பட்டனை அழுத்தும்போது ஒரே சீட்டு இருவருக்கும் பதிவாவது, பணம் இரண்டு முறை போவது, இவையெல்லாம் அந்த ரகம். வெளியிலிருந்து பார்க்க ஃபிளேக்கி டெஸ்ட் மாதிரியேதான் இருக்கும். ரீ-ரன் அழுத்திப் பழகிய விரல் அதையும் அழுத்தித் தள்ளிவிடும்.

நாள் முழுக்க இயந்திரத்துக்குச் சிசுருஷை செய்தால் சோதிக்க நேரம் எங்கே இருக்கும்? நம் ஆசிரியர்களுக்கு இது புதிதில்லை. 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. ஆண்டுக் கடைசியில் ஒரே தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்தாமல், அவ்வப்போது கவனித்துக் கைகொடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம் அது. அந்த எண்ணத்தை நான் இன்றும் ஆதரிக்கிறேன். நடைமுறையில் என்ன ஆயிற்று? பல பள்ளிகளில் பதிவேடு நிரப்புவதே பெரிய வேலை ஆகிவிட்டது. செயல்திட்டச் சார்ட்டு ஸ்டேஷனரிக் கடையில் தயாராகத் தொங்கியது. 40க்கு எல்லாருக்கும் 35க்கு மேல். பதிவேட்டைப் பார்த்தால் ஊரே மேதை, பலகைக்குக் கூப்பிட்டால் வகுத்தல் கணக்கு வராது. அடிக்கடி அளக்கத் தொடங்கினால், அளவுகோலைப் பேணுவதே வேலையாகிவிடும் அபாயம் எங்கும் உண்டு போலிருக்கிறது.

நூறு சதவீதத் தேர்ச்சிக்குத் தட்டி வைக்கும் பள்ளிகளையும் உங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் தேற மாட்டான் என்று தோன்றுகிற பிள்ளையை ஒன்பதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் நூறு வந்துவிடும். பைப்லைனிலும் இதற்கு வழி இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. அடிக்கடி தவறும் டெஸ்டுக்கு "ஸ்கிப்" என்று குறி போட்டுவிட்டால் அது ஓடாது, பச்சை கெடாது. நேரம் அதிகம் எடுக்கும் டெஸ்டையும் அப்படியே ஒதுக்குகிறார்கள். பெரும்பாலும் நேரம் எடுப்பது, வாடிக்கையாளர் செய்வது போல முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் டெஸ்ட். அதாவது நிஜத்துக்கு மிக அருகில் இருப்பதுதான் முதலில் டி.சி. வாங்குகிறது.

இங்கே என் அக்கா மகன் குறுக்கிடுவான். பெங்களூருவில் டெலிவரி மேனேஜர். பொங்கலுக்கு வந்தபோது இதைப் பற்றி இரண்டு மணி நேரம் வாதாடினோம், அக்கா பாயசத்தைக் கொண்டுவந்து வைத்துத்தான் நிறுத்தினாள். "சித்தி, மனுஷன் செய்றதுலதான் தப்பு வரும். நைட் கேபிடல் கதை தெரியுமா?" என்றான். நல்ல உதாரணம்தான். நைட் கேபிடல் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கம்பெனி. 2012 ஆகஸ்ட் 1 அன்று, எட்டு சர்வரில் புதிய கோடை ஏற்ற வேண்டிய ஊழியர் ஏழில் ஏற்றி, ஒன்றை விட்டுவிட்டார். இரண்டாவது ஆள் யாரும் சரிபார்க்கவில்லை. எட்டாவது சர்வரில் கிடந்த பழைய கோடு விழித்துக்கொண்டு, 45 நிமிடத்தில் தாறுமாறாக வாங்கி விற்று, 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். ஒரு வருஷத்துக்குள் கம்பெனி வேறொன்றோடு இணைந்துபோனது. கையால் செய்யாமல் இயந்திரத்திடம் விட்டிருந்தால் எட்டிலும் ஏறியிருக்கும். அவன் சொன்னது சரி, ஒப்புக்கொண்டேன்.

ஆனால் அதே கதையின் இன்னொரு பாதியை அவன் சொல்லவில்லை. அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்பே அந்த சிஸ்டம் ஊழியர்களுக்கு 97 மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது, கோளாறின் பெயரைப் போட்டு. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் உத்தரவில் இது பதிவாகியிருக்கிறது. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. இயந்திரம் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டது. அதைப் படித்து, "இது என்ன?" என்று எழுந்து கேட்க ஆள் இல்லை. ஆட்டோமேஷன் வேண்டும் என்பதற்கு அந்தக் கதை எவ்வளவு சாட்சியோ, கேள்வி கேட்கும் ஆள் வேண்டும் என்பதற்கும் அவ்வளவு சாட்சி.

"டெவலப்பரே டெஸ்ட் எழுதினா போதும் சித்தி" என்பது அவனுடைய அடுத்த வாதம். எழுதட்டும், எழுத வேண்டும். ஆனால் மாணவனே வினாத்தாள் தயாரித்து, தானே எழுதி, தானே திருத்தினால் எப்படி இருக்கும்? நேர்மையான பிள்ளையாகவே இருக்கட்டும். அவன் தப்பாகப் புரிந்துகொண்டது எதுவோ அது கேள்வியிலும் தப்பாகத்தான் இருக்கும், விடையிலும் தப்பாகத்தான் இருக்கும்; இரண்டும் பொருந்திப் போகும், பச்சை எரியும். கிரவுட்ஸ்ட்ரைக்கின் சரிபார்க்கும் புரோகிராமும் 21 என்றே நம்பியதை நினைத்துப் பாருங்கள். இப்போது ஏ.ஐ. வைத்தும் டெஸ்ட் எழுதுகிறார்கள். கோடைக் காட்டி டெஸ்ட் எழுதச் சொன்னால், கோடு செய்வதையே சரி என்று வைத்துக்கொண்டு எழுதிக் கொடுக்கும் அபாயம் உண்டு. விடையைப் பார்த்துக் கேள்வி எழுதுவது அது.

மைக்ரோசாஃப்ட் 2014 வாக்கில் தனியான டெஸ்டர் பதவிகளைப் பெருமளவு குறைத்து, எழுதுபவரே சோதிக்கட்டும் என்ற ஏற்பாட்டுக்கு நகர்ந்தது. 2018 அக்டோபர் 2 அன்று வெளியிட்ட விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய சொந்த ஃபைல்களை அழித்துவிட்டது. சில நாட்களிலேயே நிறுத்தி, சரிசெய்து, நவம்பர் 13இல் மறுபடி வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் மிகக் குறைவு என்றது கம்பெனி. இருக்கலாம். டெஸ்டர்களைக் குறைத்ததால்தான் இது நடந்தது என்று நான் தீர்ப்பு எழுத மாட்டேன், அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. என்னை உறுத்துவது வேறு. முன்கூட்டியே சோதித்துப் பார்த்த தன்னார்வலர்களில் சிலர், ஃபைல் காணாமல் போகிறது என்று பல வாரங்களுக்கு முன்பே புகார் எழுதியிருந்தார்கள். அந்தப் புகாருக்குப் போதுமான பேர் ஓட்டுப் போடவில்லை, ஆகவே அது மேலே வரவில்லை. பிறகு, எவ்வளவு கடுமையான பாதிப்பு என்று குறிப்பிடும் வசதியைப் புகார்ப் படிவத்தில் சேர்த்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரே ஒரு பிள்ளை கை தூக்கினால், எத்தனை பேர் தூக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டா இருப்போம்? அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும், வயிற்றுவலியா இல்லை வீட்டுப்பாடம் எழுதவில்லையா என்று. நல்ல டெஸ்டர் புகாரை அப்படித்தான் படிப்பார்.

பைப்லைனுக்குள்ளேயே திருடன் புகுந்த கதையும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். கோட்கவ் என்று ஒரு கருவி, எத்தனை சதவீதக் கோடை டெஸ்டுகள் தொட்டன என்று கணக்குச் சொல்லும். 2021 ஜனவரி 31 முதல் யாரோ அதன் ஸ்கிரிப்டில் கைவைத்து, அதைப் பயன்படுத்தும் கம்பெனிகளின் பைப்லைனில் இருந்த ரகசியச் சாவிகளைத் தங்களுக்கு வரும்படி செய்துவிட்டார்கள். இரண்டு மாதம் எல்லார் பைப்லைனும் வழக்கம்போல ஓடியது. ஏப்ரல் 1 அன்றுதான் வெளிப்பட்டது. எப்படி? ஒரு வாடிக்கையாளர், வெளியிடப்பட்ட சரிபார்ப்பு எண்ணும் தான் இறக்கிய ஸ்கிரிப்டின் எண்ணும் ஒத்துப்போகவில்லையே என்று கவனித்துச் சொன்னதால். இத்தனை கம்பெனிகளில் அந்த ஒரு ஒப்பீட்டைச் செய்தவர் அவர். இதை உங்கள் குழுவிலும் ஒரு தடவை பேசுங்கள்.

இனி என் மாணவர்களுக்கு, டீச்சராக. ஆட்டோமேஷன் கற்க மாட்டேன் என்று அடம்பிடிக்காதீர்கள். ஒரே படிவத்தை நூறு முறை கையால் நிரப்பிப் பார்ப்பதில் பெருமை ஒன்றும் இல்லை, அதை இயந்திரத்திடம் கொடுங்கள். ஆனால் அதில் மிச்சமாகும் நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்பிரின்ட்டிலும் இத்தனை மணி நேரம் கையால் தோண்டிப் பார்ப்பதற்கு என்று திட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதாத நேரத்தை ரீ-ரன் தின்றுவிடும். அந்தப் பெண்ணிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று போடச் சொன்னேன், பைப்லைன் கேட்காத கேள்விகளை மட்டும் எழுத. இனிஷியல், இரண்டு சிம் போன், பாதியில் போகும் கரன்ட், தமிழில் தட்டச்சு செய்த முகவரி, எழுபது வயது மாமியார் விரல். மாதக் கடைசியில் அதிலிருந்து கண்டுபிடித்தவற்றை மேனேஜருக்குக் கணக்காகக் காட்டுகிறாள். போன மாதம் ஏழு. அவளுடைய வேலை எதற்கு என்று கேட்டவர்களுக்கு அந்த ஏழும்தான் இப்போதைக்கு அவள் கையில் இருக்கும் பதில். இன்னும் ஒருவரைக் குழுவில் சேர்க்கக் கேட்டிருக்கிறாள், முடிவு வரவில்லை.

மேனேஜராக இருக்கும் மாணவர்களுக்கும் என் அக்கா மகனுக்கும்: எத்தனை டெஸ்ட் எழுதினார்கள், எத்தனை சதவீதக் கோடைத் தொட்டார்கள் என்று மட்டும் கேட்டு ஆளை எடைபோடாதீர்கள். ஒரு வரி ஓடியது என்றால் அது சரியாக ஓடியது என்று பொருள் இல்லை. ஸ்கிப் போட்ட டெஸ்டுகளின் பட்டியலை வாரம் ஒரு முறை கொண்டுவரச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார், ஏன், எந்தத் தேதிவரை என்று இருக்கட்டும். குழுவில் ஆறை இரண்டாக்கும் முன், போன ஆறு மாதத்தில் பைப்லைன் விட்டு, ஆள் பிடித்த தவறுகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிப் பார்த்த பிறகும் குறைக்கத்தான் வேண்டும் என்றால் அது உங்கள் முடிவு. எண்ணாமல் குறைக்காதீர்கள். கல்லூரி முடித்துவரும் புதுப் பிள்ளைகளை எடுக்காமல் விட்டால், பத்து வருஷம் கழித்து வினாத்தாள் தயாரிக்கத் தெரிந்தவர்களை எங்கே போய்த் தேடுவீர்கள் என்பதையும் யோசியுங்கள். அது ஒரு வாரப் பயிற்சியில் வரும் வித்தை இல்லை.

டெஸ்டிங்கில் இருப்பவர்கள், உங்கள் இடத்தில் ஃபிளேக்கி டெஸ்டை என்ன செய்கிறீர்கள், சும்மா தொட்டுப் பார்த்ததில் நீங்கள் பிடித்த நல்ல தவறு ஏது என்று கீழே எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம். தமிழ் எழுத்தில் எழுதினால் எனக்குச் சௌகரியம். தங்கிலீஷில் எழுதினால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது.